கொலொம்போ தூள்: வெள்ளவத்தை அடுப்பில் மூன்று சமையல்

பதினெட்டு வருடமாக வெள்ளவத்தையில் கறித்தூள் வறுத்து விற்கிறேன். பாதி இங்கேயே போய்விடும். மீதி பாரிசுக்கும் டொரொண்டோவுக்கும் போகிறவர்களின் சூட்கேசுகளில் ஏறும். அதனால் இன்னொருவருடைய தூளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். இன்று எழுதுவது குவாதலூப் என்ற கரீபியன் தீவிலிருந்து வந்த 200 கிராம் தூளைப் பற்றி. அதன் பெயர் கொலொம்போ. பிரெஞ்சுக்காரர் நம் கொழும்பைச் சொல்வதும் அப்படித்தான்.

என் தம்பி பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறான். அவனோடு வேலை செய்பவர் ஒருவர் குவாதலூப்காரர். தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன என் யாழ்ப்பாணத் தூள் கறியை ருசி பார்த்துவிட்டு ஒரு பை கேட்டு வாங்கினாராம். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தபோது பதிலுக்கு ஒரு பை கொண்டுவந்தார். புவாந்த்-ஆ-பீத்ர் நகரத்துச் சாந்த்-அந்துவான் சந்தையில் அவருடைய அம்மா நிறுத்து வாங்கியது. 5 யூரோ, நம் காசுக்கு 1,700 ரூபாய் அளவு. "அக்கா, இது உங்கட ஊர்த் தூளாம். என்ன கதை எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்பினான்.

பையைப் பற்றிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பொலித்தீன் பை, வாயை முறுக்கிக் கட்டியிருந்தது, அவ்வளவுதான். கொண்டுவந்து தந்த கூரியர்காரர்கள் எங்கோ வைத்து நசுக்கிவிட, ஒரு மூலை பிரிந்து, பெட்டிக்குள் இருந்த உடுப்பெல்லாம் மஞ்சள். தூளுக்குக் காற்றுப் பட்டால் வாசம் போய்விடும் என்பது விற்பவருக்குத் தெரியாதது அல்ல. வந்தவுடன் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள்.

நிறம் நல்ல மஞ்சள். நம் கறித்தூளின் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. கையில் எடுத்துத் தேய்த்தால் முதலில் மல்லி, பிறகு சீரகம், கடைசியில் வெந்தயத்தின் கசப்பு. நாக்கில் வைத்தால் கடுகும் மிளகும் தெரியும். செத்தல் மிளகாய் இல்லை. பெருஞ்சீரகம் இல்லை, கறிவேப்பிலை இல்லை. விரலில் மாவு போல ஏதோ ஒன்று வழுக்கியது. அது வறுத்து அரைத்த அரிசி. குழம்பு தடிப்பதற்காகப் போடுகிறார்கள். சிங்கள வீடுகளில் கறுத்த கறிக்கு அரிசியும் தேங்காய்ப்பூவும் வறுத்து அரைப்பதைப் பார்த்திருக்கிறேன். கரீபியன் தூளில் அது இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மிளகாய் இல்லாமல் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் என்றவுடன் எனக்கு நினைவு வந்தது சரக்குத்தூள்தான். பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியக்கறிக்குப் போடுகிற தூள். வேர்க்கொம்பையும் உள்ளியையும் சேர்த்தால் ஏறத்தாழ அதே வாசம். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது எங்கள் அம்மா நாற்பது நாள் சமைத்த வாசம் அந்தப் பொலித்தீன் பையிலிருந்து வந்தது. அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

எனக்கு மல்லி புடைத்துத் தருகிற பெண் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நான் பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. போத்தலை நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "அக்கா, இது எங்க அம்மாயி அரைக்கிற குழம்புத்தூள் மாதிரியில்ல இருக்கு" என்றார்.

குழம்புத்தூள்! கொலொம்போ என்ற பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று, நம் நகரத்தின் பெயர். மற்றது, தமிழில் உள்ள 'குழம்பு' பிரெஞ்சு நாக்கிலும் அந்தத் தீவுப் பேச்சுமொழியான கிரியோல் நாக்கிலும் திரிந்து இப்படி ஆனது. அந்தப் பெண் வாய் திறந்த பிறகு நான் இரண்டாவது கட்சி. இங்கே யாரும் கறித்தூளுக்குக் கொழும்பின் பெயரை வைத்து அழைப்பதில்லை. அடுப்படியில் இருந்தவர்கள் அடுப்படிச் சொல்லைத்தான் கொண்டுபோயிருப்பார்கள்.

கொண்டுபோனவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். குவாதலூப் 1635இல் பிரான்ஸ் பிடித்த கரும்புத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளை வைத்துத்தான் அங்கே சீனி செய்தார்கள். 1794இல் அடிமை முறையை ஒழித்தார்கள். 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, லூயி தெல்கிரெஸ் என்ற இராணுவ அதிகாரி எதிர்த்துப் போராடினார். இனி வழியில்லை என்றானதும், அந்த ஆண்டு மே 28ஆம் தேதி மத்தூபா என்ற மலைச்சரிவில், ஏறத்தாழ 300 பேரோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். உண்மையான விடுதலை 1848இல்தான் வந்தது. அதன் பிறகு கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. பிரான்சுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரோடு புவாந்த்-ஆ-பீத்ருக்குப் போய்ச் சேர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர்களை அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போனது. ஆனாலும் ஆரம்பத்தில் போனவர்களில் பெரும்பாலானோர் தமிழர்.

அதே காலத்தில்தான் தென்னிந்தியாவின் பஞ்சத்திலிருந்து இன்னொரு கூட்டம் மன்னார் வழியாக நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனது. மல்லி புடைக்கிற பெண்ணின் கொள்ளுப்பாட்டியும், அந்தச் சந்தையில் தூள் விற்கிற அம்மாவின் கொள்ளுப்பாட்டியும் பக்கத்துப் பக்கத்து ஊராகக்கூட இருந்திருக்கலாம். ஒருத்திக்கு மலை, ஒருத்திக்குக் கடல். குவாதலூப்பில் பிறந்த பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை அதற்காக வழக்காடி வென்றார். இங்கே 1948இல் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிபோனதை நான் சொல்லத் தேவையில்லை.

தமிழ் அங்கே பேச்சில் இல்லாமல் போய்விட்டது. பெயர்களில் இருக்கிறது: ராமசாமி, முத்துசாமி, சிதம்பரம், எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். கோயிலில் இருக்கிறது: கப்பஸ்தேர் ஊருக்குப் பக்கத்தில் சாங்கி என்ற இடத்தில் கோபுரத்தோடு மாரியம்மன் கோயில். அவர்கள் வாயில் அவள் மாலியெமின். பொருள் தெரியாமலே தமிழ்ப் பாட்டைப் பாடிப் பூசை செய்கிறார்களாம். உடுப்பில்கூட ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அந்தத் தீவுப் பெண்கள் விழா நாளில் தலையில் கட்டுகிற கட்டம் போட்ட துணியின் பெயர் மதராஸ். ஆனால் இதில் எதையும் தம்பியின் நண்பருடைய அம்மா எனக்குப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்பியிருக்க முடியாது. தூளைத்தான் அனுப்ப முடிந்தது.

சரி, சமையலுக்கு வருகிறேன்.

முதல் தடவை கோழி. தம்பியின் நண்பர் போனில் சொன்னபடியே செய்தேன். இறைச்சியில் தேசிக்காய்ப் புளி, உள்ளி, வெங்காயத்தாள், இரண்டு மேசைக்கரண்டி தூள், கொஞ்சம் தைம் இலை போட்டு ஓர் இரவு ஊறவைத்தல். மறுநாள் எண்ணெயில் பிரட்டி, தண்ணீர் விட்டு, உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் போட்டு அவித்தல். தேங்காய்ப்பால் இல்லை. தைம் இலைக்கு அலையாதீர்கள். அங்கே 'பெரிய தைம்' என்று சொல்லிப் பாவிக்கிற தடித்த இலை நம் கற்பூரவள்ளிதான். எங்கள் மாடிக் கதவுக்கருகே ஒரு சாடியில் நிற்கிறது. இரண்டு இலை போதும்.

மிளகாய்க்கு மட்டும் அவர்கள் ஒரு முழு மிளகாயை உடையாமல் குழம்பில் மிதக்கவிட்டு, இறக்கும்போது எடுத்துவிடுகிறார்கள். வாசம் இறங்கும், உறைப்பு மட்டாக இருக்கும். அந்த மிளகாய்க்குக் கிரியோலில் 'போந்தா மான் ஜாக்', அதாவது ஜாக் அம்மாவின் பின்பக்கம் என்று பெயர். நம் சந்தையில் விற்கிற நை மிரிஸ் அதே இனம், அதே பழ வாசம். வெள்ளவத்தைச் சந்தையில் நாலு வாங்கினேன். மிளகாய்ச் செடியே அந்தப் பக்கத்து மண்ணில் பிறந்து நம்மிடம் வந்தது. நம் தூளிலோ அது நிறைந்து கிடக்கிறது, அவர்கள் தூளிலோ ஒரு துகள் இல்லை. இதை நினைத்து நினைத்து எனக்கு அலுக்கவில்லை.

கோழி நன்றாக வந்தது. நம் கோழிக்கறியை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். உறைப்பு முன்னால் வராது. புளிப்பும் மல்லியும் வரும். அரிசி சேர்ந்ததால் குழம்பு கரண்டியில் ஒட்டி நின்றது. என் மகன் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான். என் கணவர் கொஞ்சம் தூள் காணாது என்றார். அவருக்கு எதிலும் தூள் காணாது.

இரண்டாவது தடவை ஆட்டிறைச்சி. அந்தத் தீவில் விசேஷத்துக்குச் செய்வது இதுதான். இங்கேதான் தூளின் குறை தெரிந்தது. நீண்ட நேரம் அவிய வேண்டிய இறைச்சிக்கு இந்தத் தூளின் வாசம் தாக்குப்பிடிக்கவில்லை. ஒன்றேகால் மணித்தியாலத்தில் மஞ்சளும் வெந்தயமும்தான் மிஞ்சின. போதாததற்கு வெந்தயத்தைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்துவிட்டார்கள், கசப்பு தங்கியது. மல்லியை இன்னும் நிதானமாக வறுத்து, சீரகத்தைத் தனியாக வறுத்துக் கலந்திருந்தால் இப்படி ஆகாது. தூளை மொத்தமாக முதலிலேயே போடாமல், பாதியை இறக்குவதற்குக் கால் மணி முன்னால் போடுங்கள்.

மூன்றாவது என் சொந்தப் பரிசோதனை. பூசணிக்காயும் சௌசௌவும் போட்டு, கடைசியில் ஒரு கோப்பை தேங்காய்ப்பால் விட்டேன். குவாதலூப்காரர் கோபிப்பார்களோ தெரியாது, ஆனால் மூன்றிலும் இதுவே சிறந்தது. மரக்கறிக்கு இந்தத் தூள் போல ஒன்று என்னிடம் இல்லை. புட்டோடு சாப்பிட்டோம். சட்டியில் மிச்சம் இல்லை.

தூள் தீரும் முன்னரே அந்தத் தீவைப் படத்தில் தேடிப் பார்த்தேன். இரண்டு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கிறது. சிறகுகளின் நடுவே ஒடுங்கிய கடல்வாய்க்கால், பெயர் 'உப்பாறு'. யாழ்ப்பாணத்திலும் உப்பாறு உண்டு என்று எண்ணிக்கொண்டேன். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், பெரிய நிலம் என்று பொருள். மேற்குச் சிறகு பாஸ்-தேர், தாழ்ந்த நிலம். ஆனால் பெரிய நிலம்தான் சிறியது, 588 சதுர கிலோமீற்றர். தாழ்ந்த நிலம் 848 சதுர கிலோமீற்றர், அதில்தான் 1,467 மீற்றர் உயர எரிமலை லா சூப்ரியேர் நிற்கிறது. 'தாழ்ந்த' என்றது மாலுமிகளின் காற்றுக் கணக்கில், காற்று மறைவான பக்கம் என்பதற்காக. 1976இல் அந்த மலை புகைந்து குமுறியபோது 70,000க்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். கிழக்குச் சிறகோ நம் குடாநாடு போலத் தட்டையான சுண்ணாம்புக்கல் தரை. கரும்பு அங்கேதான் அதிகம். சுற்றியுள்ள சிறு தீவுகளையும் சேர்த்தால் மொத்தம் 1,628 சதுர கிலோமீற்றர், யாழ் மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய நிலத்தை விட மனமில்லாமல்தான் 1763இல் பிரான்ஸ் கனடாவை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டு இதைத் திருப்பி வாங்கியது. அன்றைக்குச் சீனிக்கு அவ்வளவு மதிப்பு. இன்றும் அது பிரான்சின் ஒரு மாவட்டம், காசும் யூரோதான்.

வாங்கலாமா என்றால், மரக்கறி சமைப்பவர்கள், உறைப்புத் தின்னாத பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டார் தாராளமாக வாங்கலாம். ஆட்டுக்கறிக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், உங்கள் தூளே போதும். கொழும்புக் கடைகளில் நான் தேடிய வரையில் கிடைக்கவில்லை. பாரிசில் உறவுகள் உள்ளவர்கள் கரீபியன் சாமான் விற்கிற கடையில் சொல்லி எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், மஞ்சள் அதிகமாகி ஆரஞ்சு நிறமாக இருந்தால் வேண்டாம். அரைத்த திகதியையும் கேளுங்கள்.

போத்தலில் இன்னும் மூன்று கரண்டி இருக்கிறது, அதைத் தொடவில்லை. தம்பியிடம் அரைக் கிலோ சொல்லி வைத்திருக்கிறேன். அவன் நண்பருடைய அம்மாவுக்கு அனுப்ப நேற்று ஒரு கிலோ சரக்குத்தூள் வறுத்தேன். வேர்க்கொம்பு தட்டிப்போட்டு, வெந்தயத்தை மட்டாக வறுத்து, தகரப் பேணியில் இறுக்கி மூடியிருக்கிறேன். பேணியின் மேலே குழம்பு என்று தமிழில் எழுதி, கீழே பிரெஞ்சு எழுத்தில் அதே ஒலியை எழுதித் தரும்படி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். கொலொம்போ என்பதற்கும் அதற்கும் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம்.