டிஸ்க் நிறைந்த சர்வரில் எதைத் திறப்பது: என்சிடியுவா, ஜிடியுவா, டுவாவா?

டிஸ்க் நிறைந்துவிட்டால் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கும், லாக் ஃபைலிலும் ஒரு வரி சேராது. அப்போது கையில் இருப்பது எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியுடன் பாதுகாப்பாக இணையும் வழி) வழியாகத் திறந்த ஒரு டெர்மினல் மட்டும். இடத்தை எது பிடித்திருக்கிறது என்று சொல்ல, யூனிக்ஸின் ஆரம்ப நாள் முதல் டியு கமாண்ட் இருக்கிறது. ஆனால் அது எண்களைக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஒரு ஃபோல்டருக்குள் இன்னும் ஆழமாகப் பார்க்க மறுபடி ஓட்ட வேண்டும். அது மறுபடி எல்லாவற்றையும் படிக்கும்.

என்சிடியு இந்தச் சிரமத்தைப் போக்கியது. யோரன் ஹெலிங் 2007இல் வெளியிட்ட கருவி இது. ஒரே முறை ஸ்கேன் செய்துவிட்டு, அம்புக்குறி விசைகளால் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் பார்க்க விடும். முதலில் சி மொழியில் இருந்ததை, இரண்டாம் பதிப்புக்காக ஸிக் மொழியில் புதிதாக எழுதினார். அதில் மெமரிச் செலவு நன்றாகக் குறைந்தது.

வேகம் என்று பார்த்தால் கோ மொழியில் எழுதிய ஜிடியு முந்தும். பல ஃபோல்டர்களை ஒரே நேரத்தில் படிப்பதால் எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம் தெரியும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்த லாபம் அவ்வளவு இருக்காது. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவினால் கமாண்டின் பெயர் ஜிடியு-கோ என்று வரும். டியுவின் க்னூ பதிப்பு அங்கே ஜிடியு என்ற பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. என்சிடியுவும் 2024இல் பல த்ரெட்களில், அதாவது பல வேலைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில், ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டது. அதனால் வேகத்தை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் முக்கியமாகப் பார்ப்பது, எண்ணுவது சரியாக இருக்கிறதா என்பதை. ஹார்ட்லிங்க் (டிஸ்கில் இருக்கும் ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வைத்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் தினசரி பேக்கப் எடுக்கும் சர்வர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் ஃபோல்டர்களில் ஒவ்வொன்றும் பெரிதாகத் தெரியும். ஒன்றை அழித்தால் சொற்ப இடம்தான் திரும்பும், மற்ற ஆறும் அதே ஃபைல்களைப் பிடித்திருக்கின்றன. என்சிடியுவின் இரண்டாம் பதிப்பு, மற்ற ஃபோல்டர்களுடன் பகிர்ந்த அளவு எவ்வளவு, அந்த ஃபோல்டருக்கே சொந்தமானது எவ்வளவு என்று தனி நெடுவரிசையில் காட்டும். எதை அழித்தால் உண்மையில் இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய நிம்மதி.

இன்னொன்று, ஸ்கேன் முடிவை வெளியே அனுப்பும் வசதி. நிறைந்த டிஸ்கில் ஒரு ஃபைலும் எழுதாமல், சர்வரில் ஓடும் என்சிடியுவின் வெளியீட்டை எஸ்எஸ்எச் பைப் வழியே என் லேப்டாப்பில் இருக்கும் என்சிடியுவுக்கு அனுப்பி, அங்கே நிதானமாகப் பார்க்கலாம். கை தவறி சர்வரில் எதுவும் அழிந்துவிடாது. சர்வரிலேயே திறந்தாலும் மைனஸ் ஆர் என்ற தெரிவைப் போட்டால் அழிக்கும் விசை வேலை செய்யாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் ரூட் (எல்லா அனுமதியும் உள்ள கணக்கு) கொடுக்கும்போது இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

சொந்த லேப்டாப்பைச் சுத்தம் செய்யவென்றால் டுவா. ரஸ்ட்டில் எழுதியது. ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்களின் லைப்ரரிகள் சேரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்கள் பத்தைக் குறித்துக்கொண்டே போய், கடைசியில் மொத்தமாக அழிக்கலாம், அல்லது குப்பைத்தொட்டிக்கு அனுப்பலாம். டஸ்ட் என்று இன்னொரு கருவி உண்டு. அது அழிக்காது, உள்ளே இறங்கவும் விடாது. பெரிய ஃபோல்டர்களை மரமாக வரைந்து காட்டிவிட்டு முடிந்துவிடும். சட்டென்று ஒரு பார்வைக்கு அது போதும்.

எதை ஓட்டினாலும், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் ஃபோல்டரிலிருந்து தொடங்கும்போது மைனஸ் எக்ஸ் என்ற தெரிவைப் போடுங்கள். இல்லாவிட்டால் மவுண்ட் ஆகியிருக்கும் வேறு டிஸ்க்குகளும் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் தன் ஃபைல்களை வைக்கும் ஓவர்லே ஃபோல்டர் பெரிதாகத் தெரிந்தால் இந்தக் கருவிகளால் அழிக்காதீர்கள். பயன்படாததை நீக்கும் டாக்கரின் ப்ரூன் கமாண்டையே ஓட்டுங்கள்.

இவை எதனாலும் காட்ட முடியாத இடமும் ஒன்று உண்டு. டிஸ்கில் மொத்தம் எவ்வளவு இடம் போனது என்று காட்டும் டிஎஃப் கமாண்ட், டிஸ்க் நிறைந்தது என்கிறது, என்சிடியுவின் கூட்டுத்தொகை பாதிகூட வரவில்லை என்றால், அழித்த பிறகும் ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் லாக் ஃபைலாக இருக்கலாம். பெயர் போய்விட்டதால் ஃபோல்டரில் தெரியாது, இடம் மட்டும் விடுபடாது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டை பிளஸ் எல் ஒன்று என்ற தெரிவோடு ஓட்டினால் அந்த புரோகிராமின் பெயர் வந்துவிடும். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.