பைடான்டிக் ரிவியூ: நல்ல சாமான்தான், ஆனா டீஃபால்ட்டை மாத்திட்டு யூஸ் பண்ணுங்க

தேயிலைக் கொழுந்துல வர்ற கொப்புள நோயை போட்டோ பாத்து கண்டுபிடிக்க இலங்கை ஹட்டன்ல இருந்து ஒரு சின்ன மெஷின் லேர்னிங் லைப்ரரி எழுதிட்டு இருக்கோம், அதோட கான்ஃபிக் (ட்ரெய்னிங் எப்படி ஓடணும்னு சொல்ற செட்டிங்ஸ்) முழுக்க பைடான்டிக்லதான், அதாவது குடுக்கிற டேட்டா சரியான்னு செக் பண்ற ஒரு பைத்தான் லைப்ரரி. 5க்கு 4 தாராளமா குடுப்பேன். மழை விடாம பெய்யிற நேரத்துலதான் இந்த நோய் பரவும், எங்களுக்கு புது போட்டோ சேர்றதும் அப்பதான், கரண்ட் போறதும் அப்பதான், அதனால ராத்திரி பூரா ஓடுற ட்ரெய்னிங் தப்பான பராமீட்டர்ல ஓடிச்சுன்னா எங்களுக்கு அது பெரிய நட்டம்.

பைத்தான்ல சாதா டேட்டாகிளாஸ்ல (டேட்டாவை ஃபீல்டு ஃபீல்டா வச்சுக்கிற கிளாஸ்) இன்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு, எழுதி வச்சாலும் ஓடுற நேரத்துல அது எதையும் செக் பண்ணாது, என்ன குடுத்தாலும் வாங்கிக்கும். பைடான்டிக் அப்படி விடாது. பேட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு எத்தனை போட்டோ) 0க்கு மேல இருக்கணும், ட்ராப்அவுட் (ட்ரெய்னிங்ல அப்பப்ப அணைச்சு வைக்கிற பங்கு) 0க்கும் 1க்கும் நடுவுல இருக்கணும்னு ஃபீல்டுலயே எழுதிடலாம், மீறினா எந்த ஃபீல்டு, என்ன வேல்யூ வந்துச்சு, என்ன வந்திருக்கணும்னு மூணையும் சொல்லும், அதுவும் ஒவ்வொண்ணா இல்ல, இருக்கிற பிழை எல்லாத்தையும் ஒரே தடவைல காட்டும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஆப்டிமைசரை (ட்ரெய்னிங்ல பிழையைக் குறைக்கிற முறை) பிரிச்சு எழுதுற விதம். எஸ்ஜிடி, ஆடம் ரெண்டும் ரெண்டு வகை ஆப்டிமைசர்; எஸ்ஜிடிக்கு மொமென்டம்னு ஒரு பராமீட்டர் வேணும், ஆடமுக்கு பீட்டான்னு ரெண்டு வேணும். எல்லாத்தையும் ஒரே கிளாஸ்ல போட்டு பாதியை காலியா விட்டா எது எதுக்குன்னு யாருக்குமே புரியாது. இங்க ரெண்டுக்கும் தனித்தனி மாடல் (பைடான்டிக்ல எழுதுற கிளாஸுக்கு அதான் பேர்) எழுதி, பேர் ஃபீல்டை லிட்டரலா (சொன்ன வேல்யூவை மட்டும் ஏத்துக்கிற மாதிரி) வச்சு, அந்தப் பேரைப் பாத்து சரியான மாடலை எடுன்னு சொல்லிடலாம். ஆடமுக்கு மொமென்டம் குடுத்தா உடனே நிப்பாட்டிரும், ஆனா அதுக்கு ஒரு செட்டிங்கை மாத்தணும், அந்த ஒரு மார்க்கை குறைச்சதும் அதுக்குத்தான்.

டீஃபால்ட்டா, தெரியாத பேர்ல ஒரு ஃபீல்டு வந்தா பைடான்டிக் சத்தமில்லாம தூக்கிப் போட்டுரும். ட்ராப்அவுட்டுக்கு நடுவுல யாராவது ஒரு அண்டர்ஸ்கோர் சேத்துட்டா எரர் வராது, நீங்க குடுத்த 0.3 போயிரும், டீஃபால்ட் வேல்யூலயே ட்ரெய்னிங் ஓடும். கான்ஃபிக்குக்கு இது சரிப்படாது, அதனால எக்ஸ்ட்ராங்கிற செட்டிங்கை ஃபர்பிட்னு (அனுமதி இல்லைன்னு) வைங்க, ஒவ்வொரு மாடல்லயும். நீங்க எழுதுற டீஃபால்ட் வேல்யூவையும் அது தானா செக் பண்ணாது, வேலிடேட் டீஃபால்ட்டை ஆன் பண்ணணும். ஃப்ரோசனையும் ட்ரூ ஆக்கிட்டா நடுவுல யாரும் வேல்யூவை மாத்த ஏலாது.

ஸ்ட்ரிக்ட் மோட் (வேல்யூவோட டைப்பை தானா மாத்தாத மோட்) பத்தி ஒரு விஷயம். யாமல் ஃபைல்ல (செட்டிங்ஸ் எழுதுற டெக்ஸ்ட் ஃபைல்) லேர்னிங் ரேட்டை 1ஈ-3ன்னு எழுதினா பையாமல் (அந்த ஃபைலை படிக்கிற பைத்தான் லைப்ரரி) அதை நம்பரா எடுக்காது, புள்ளி இல்லாததால ஸ்ட்ரிங்கா, அதாவது வெறும் எழுத்தா குடுக்கும். சாதா மோட்ல பைடான்டிக் அதை 0.001னு மாத்திக்கும், ஸ்ட்ரிக்ட்ல எரர் அடிக்கும். நாங்க ஸ்ட்ரிக்ட்தான் வச்சிருக்கோம், ஃபைல்ல 1.0ஈ-3ன்னு புள்ளி வச்சே எழுதுறோம்.

இலவசம், எம்ஐடி லைசன்ஸ். 2023 ஜூன்ல வந்த வெர்ஷன் 2ல உள்பகுதியை ரஸ்ட்ல திருப்பி எழுதினதால வேகமும் நல்லாருக்கு. புதுசா படிக்கிற தம்பி தங்கச்சிமார் பழைய வீடியோவைப் பாத்து எழுதாதீங்க, அதுல சொந்த செக் எழுத வெறும் வேலிடேட்டர்னு வந்தா அது வெர்ஷன் 1 காலத்து கோட், இப்ப ஃபீல்டு வேலிடேட்டர்.