நான்கு நாள் வேலை: குறைவது நாளா, நேரமா?

‘நான்கு நாள் வேலை வாரம்’ என்ற செய்தியைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைத்தான். ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. 2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் நடத்திய சோதனையில், சம்பளம் குறையாமல் வேலை நேரமே குறைந்தது. அதே ஆண்டு பெல்ஜியம் கொண்டுவந்த சட்டத்தில் வாரத்துக்கு 38 மணி நேரம் அப்படியே நின்றது. தொழிலாளி எழுதிக் கேட்டால், நாளுக்கு ஒன்பதரை மணி நேரமாக நான்கு நாளில் முடித்துக்கொள்ளலாம். முன்னது குறைப்பு, பின்னது வெறும் சுருக்கம்.

வழக்கமான வாரம், நெகிழ்நேரம், சுருக்கம் மூன்றையும் ஒரே முதலாளியிடம் பார்க்க அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் வசதியானவை. நெகிழ்நேரமும் சுருக்கமும் அங்கே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சோதனையாக வந்தவை.

வழக்கமான எட்டு மணி, ஐந்து நாள் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். கணக்குக் குழப்பம் கிடையாது.

நெகிழ்நேரத்தில், குறிப்பிட்ட சில மணி நேரம் எல்லோரும் பணியில் இருந்தாக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வருவதும் போவதும் அவரவர் வசதி. கூடுதலாக உழைத்த நேரத்தைச் சேமித்துப் பிறகு விடுப்பாக எடுக்கலாம்; முழுநேர ஊழியர் 24 மணி நேரம் வரை அடுத்த கணக்குக்குக் கொண்டுபோகலாம். சுருக்கமுறையில் இந்தச் சேமிப்பு இல்லை. நாளுக்குப் பத்து மணி நேரமாக நான்கு நாள், அல்லது இரண்டு வாரத்தின் 80 மணி நேரத்தை ஒன்பது நாளில் முடித்துப் பத்தாம் நாள் ஓய்வு. நேரம் முன்கூட்டியே உறுதி. நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் அரசு விடுமுறை வந்தால் சுருக்கமுறைக்காரருக்குப் பத்து மணி நேரமும் கணக்காகும், நெகிழ்நேரக்காரருக்கு எட்டுதான். இப்படிப்பட்ட பொடி எழுத்து விதிகளில்தான் லாப நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

பள்ளிக்குப் பிள்ளையை விட்டு வருபவருக்கு நெகிழ்நேரம்தான் சரி. தொலைவிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் பயணம் மிச்சமாவதால் சுருக்கம் இனிக்கும். ஆனால் பத்து மணி நேர வேலையோடு உணவு இடைவேளையையும் போக்குவரத்தையும் கூட்டினால், மற்ற நான்கு நாளும் வீடு என்பது தூங்கும் இடமாகிவிடும். அமெரிக்காவின் யூட்டா மாநில அரசு 2008இல் இதை ஊழியர்கள் மேல் மொத்தமாகச் சுமத்திப் பார்த்தது. மின்செலவு எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கிறதே என்று மக்களும் முணுமுணுத்தார்கள். 2011இல் பழையபடி ஐந்து நாளானது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒப்புதல். அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதிப்படி, சங்கம் உள்ள இடத்தில் சங்கத்தோடு பேசித்தான் சுருக்கமுறையைக் கொண்டுவர முடியும். சங்கம் இல்லையென்றால் ஊழியர்களில் பெரும்பான்மையோர் வாக்களிக்க வேண்டும். தனிப்பட்ட சிரமம் உள்ளவர் விலக்குக் கேட்கலாம்.

நம் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 மணி நேரமாக நான்கு நாள், வாரத்துக்கு அதே 48 என்றுதான் விளக்கம் சொன்னார்கள். ஆனால் நாளுக்கு ஒன்பது மணி என்ற வரம்பிலிருந்து மட்டுமல்ல, இடைவேளை, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் ஆகிய பிரிவுகளிலிருந்தும் ஆலைகளுக்கு அரசு விலக்கு அளிக்க அதில் வழி இருந்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

மேசை வேலைக்கு என் ஓட்டு நெகிழ்நேரத்துக்கு. சுருக்கம், ஊழியரே கேட்டால் மட்டும். ஓடும் இயந்திரத்துக்கு முன்னால் நெகிழ்நேரம் நடக்காது. ஒருவர் தாமதித்தால் வரிசையே நிற்கும். அங்கே மூன்று ஷிப்ட் இரண்டாகும்போது ஒரு ஷிப்ட் மாற்றமும் ஒரு நடை கம்பெனி பஸ்ஸும் ஆலைக்கு மிச்சம். பதினொன்றாம், பன்னிரண்டாம் மணி நேரத்தின் அசதியும் விபத்து அபாயமும் தொழிலாளிக்கு.