என்டிஏ மெடிக்கல்: முன்கூட்டியே சரிசெய்வதா, அப்பீலா, இல்லை ஓடிஏ வரை காத்திருப்பதா?

அக்கா மகன் என்டிஏ-வுக்கு (பிளஸ் டூ முடித்து முப்படை அதிகாரியாகச் சேரும் அகாடமி) எழுதி, எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வில் தேறி, மூக்குத் தண்டு வளைவால் மெடிக்கலில் மாட்டினான். ராத்திரி போன் செய்து, "மாமா, அமெரிக்காவுல வேய்வர்னு ஒண்ணு இருக்காம், நாமளும் கேட்போமா?" என்றான். அங்கே மருத்துவ வாரியம் தகுதியில்லை என்று எழுதினாலும், சேர்க்கும் அகாடமி நினைத்தால் விலக்கு தர முடியும். நம்மூரில் அது கிடையாது மாப்ள, குறை இருந்தால் சரிசெய்துவிட்டு மறுபடி காட்ட வேண்டும், அல்லது குறையே இல்லை என்று அவர்கள் பரிசோதனையிலேயே தெரிய வேண்டும்.

ஆக, நம் கையில் இருப்பது மூன்று வழி.

முதல் வழி, எழுத்துத் தேர்வுக்கு முன்பே உடம்பைப் பார்த்துக்கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடிகாலை ஓடுகிற பையன்களில் காதையும் மூக்கையும் காட்டிவிட்டு ஓடுகிறவன் எத்தனை பேர்? காதுக் குறும்பி, மூக்குத் தண்டு வளைவு, கூடுதல் எடை எல்லாம் அவசரமில்லாமல் தீர்க்கக்கூடியவை. முழங்கால் தட்டுவதை வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கலாம்: முழங்கால்கள் தொடும்படி நின்றால் இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் 5 செ.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. இவனை நிறுத்தி ஸ்கேல் வைத்தபோது 3 செ.மீ. வந்தது, அக்கா அதற்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மூக்கைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தின வருஷம் சளிக்குக் காட்டிய கிளினிக்கில் வளைவு இருப்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இரண்டாவது வழி அப்பீல். 42 நாளுக்குள் அப்பீல் மெடிக்கல் போர்டு முன் நிற்க வேண்டும். கேட்க நிறைய நாள் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் கத்தி வைப்பதா வேண்டாமா என்ற பஞ்சாயத்திலேயே 9 நாள் போனது, அப்புறம் டாக்டரைப் பிடிப்பது, ஆபரேஷன், மூக்கில் பஞ்சோடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பது, புண் ஆறுவது என்று நாள் ஓடிவிட்டது. வெளி டாக்டர் 'நலம்' என்று எழுதித் தரும் சான்றிதழை நம்பிப் போகாதீர்கள், போர்டு தன் ஸ்பெஷலிஸ்ட் கண்ணால் பார்ப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். அங்கேயும் தகுதியில்லை என்றால் அடுத்தது ரிவ்யூ போர்டு, அதை மறுநாளுக்குள் கேட்க வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம், உரிமையாகக் கேட்க முடியாது. ஆபரேஷனில் தீரும் குறை, அளவில் வந்த சந்தேகம், இவற்றுக்கு அப்பீல் சரி. நிறக்குருடுக்கு அப்பீல் போவது, போர்டு இருக்கும் பெங்களூருக்கு வீண் ரயில் செலவு, அவ்வளவுதான்.

மூன்றாவது, டிகிரி முடித்து சிடிஎஸ் (பட்டதாரிகளுக்கான படை அதிகாரித் தேர்வு) எழுதி பரங்கிமலை ஓடிஏ (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பக்கம் போவது. கண் பவர் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பதினெட்டு வயதில் கண்ணாடியைத் தூக்கி எறியும் ஆசையில் லேசிக் என்ற லேசர் கண் ஆபரேஷன் செய்துகொண்டால் என்டிஏ கதவு மூடிவிடும், அங்கே அதற்கு அனுமதி இல்லை. அதே லேசிக்கை 20 வயதுக்கு மேல் செய்து 12 மாதம் ஆகியிருந்தால், மற்ற கண் அளவுகளும் சரியாக இருந்தால், சிடிஎஸ்-இல் ஏற்றுக்கொள்கிறார்கள். எனவே அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனால் பவர் எவ்வளவு என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இவன் 38-ஆம் நாள் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினான், ஃபிட் என்று வந்தது. ஆனால் மெரிட் லிஸ்டில் பெயர் இல்லை, ஃபிட் ஆனாலும் இடம் மார்க்குக்குத்தான். வயது வரம்புக்குள் இன்னும் ஒரு தேர்வு மிச்சம். இந்த முறை கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், அக்கா தினமும் மூக்கை மட்டும் விசாரிக்கிறாள்.