4 சென்ட் புல்தரையும் ஒரு பவர் வீடரும்: 3 வருட அனுபவம்

கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கம் வீடு கட்டி முடித்தபோது வாசலில் 4 சென்ட் இடம் மிஞ்சியது. பாதி ஜல்லியும் செங்கல் துண்டும், மீதி பார்த்தீனியமும் கோரையும். அதில் புல்தரை போடத்தான் 7 எச்.பி. பெட்ரோல் பவர் வீடர் வாங்கினேன். சுழலும் கத்தியால் மண்ணைக் கொத்திக் களையெடுக்கும், கையால் பிடித்து ஓட்டும் வண்டி அது.

முதல் நாளே அவசரப்பட்டேன். கல் பொறுக்காமல் வண்டியை இறக்கியதும், மண்ணுக்குள் கிடந்த அரைச்செங்கலில் கத்தி மோதி வண்டி துள்ளியது. மணிக்கட்டு ஒரு வாரம் வலித்தது. அடுத்து ஒரு சிமெண்ட் சாக்கு. அதன் நார் கத்தித் தண்டில் இறுகச் சுற்றிக்கொள்ள, ஆக்சா பிளேடால் அறுத்து எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பிறகு இரண்டு ஆள் வைத்து, கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு நாள் கல் பொறுக்கினோம்.

வண்டிக்குப் பின்னால் மண்ணில் இறங்கும் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறதே, அதுதான் சூட்சுமம். கைப்பிடியை அழுத்தினால் கம்பி மண்ணில் ஊன்றும், வண்டி நின்று ஆழமாகக் கொத்தும். விட்டால் கத்தியே சக்கரம்போல உருண்டு முன்னால் ஓடும். கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. முதல் ஓட்டில் 2 அங்குலம், குறுக்கே அடுத்த ஓட்டில் 4, பிறகு 6. புல்லுக்கு அது போதும். ஈரமும் முக்கியம். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கீழே போட்டால் உதிர வேண்டும். உருண்டையாகவே கிடந்தால் அன்றைக்கு வண்டியைத் தொடாதீர்கள், மண் கட்டி தட்டிவிடும்.

கோரைதான் என்னை அழவைத்தது. உழுத பதினைந்தாம் நாள் இடம் முழுக்க நாற்றங்கால்போலப் பச்சை! களை எடுக்க வந்த அம்மா சிரித்தார்: "வண்டி ஓட்டுனா இது ஒன்னு பத்தாகுமுங்க தம்பி." அவர் சொன்னது சரி. கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும். சங்கிலி முழுசாக இருக்கும்வரை நுனி முளை மற்றவற்றை அடக்கி வைக்கும். கத்தி அறுத்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். அதனால் சித்திரை வெயிலில் கிளறி, மேலே வந்த கிழங்கை வாரியால் கூட்டி அள்ளினேன். மீந்ததற்குத் தண்ணீர் விட்டு முளைக்க வைத்து, இலை வந்ததும் மறுபடி உழவு. இருபது நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. முளைத்து முளைத்தே கிழங்கின் சத்து தீர வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. இதே கோரைக்கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்கு, நான் இரண்டு சாக்கு கொளுத்தினேன்.

வண்டி கொத்துமே தவிர சமன் செய்யாது. மக்கிய தொழுவுரம் கலந்து, ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, வீட்டிலிருந்து வெளியே 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வைத்தேன். பலகையில் கயிறு கட்டிப் பரம்படித்து, பாதி தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் டிரம்மை உருட்டினேன். கொரியன் புல்லை 4 அங்குல இடைவெளியில் ஊன்றியது ஆடியில். மூடி வர ஐந்து மாதம் ஆனது.

பராமரிப்பில் ஒரு தப்பு செய்தேன். நான்கு மாதம் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தியதில் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. சர்வீசுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்ன கடை இன்றுவரை அனுப்பவில்லை, உள்ளூர் மெக்கானிக்தான் கழற்றிக் கழுவினார். இப்போதெல்லாம் பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறேன். செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். கத்தி ஒரு செட் மாற்றியாயிற்று.

புல்தரைக்கு மட்டும் என்றால் வாங்காதீர்கள், மணிக்கணக்கு வாடகைக்கு எடுங்கள். எனக்கு வீட்டுக்குப் பின்னால் வாழை இருப்பதால் வண்டி சும்மா நிற்பதில்லை.

சுற்றுச்சுவர் ஓரத்தில் மட்டும் மழை பெய்தால் கோரை இன்னும் தலைகாட்டுகிறது. அங்கே வண்டி திரும்பாது. களைக்கொத்தோடு உட்கார்ந்து கிழங்கோடு நோண்டிக்கொண்டிருக்கிறேன்.