மெயில் அனுப்பும்போது வரும் சான்றிதழ் எச்சரிக்கை: எட்டு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. எட்டு வருடமாகத் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில்தான் வேலை. மெயில் முகவரிக்குக் கம்பெனியின் சொந்த டொமைன் பெயர், மெயிலைச் சுமக்கும் சர்வருக்கு வெளியில் வாங்கிய ஹோஸ்டிங். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் பாடுபடுத்தியது, இன்வாய்ஸை இணைத்து ‘சென்ட்’ அழுத்தியதும் எழும் சான்றிதழ் எச்சரிக்கைதான். சான்றிதழ் என்பது, எதிரே இருப்பது உண்மையிலேயே நம் சர்வர்தானா என்று காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டை.

முதல் இரண்டு வருடம் அதை நான் படித்ததே கிடையாது. பெட்டியின் கீழே ‘கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்செப்ஷன்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் மெயில் போய்விடும். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பெட்டி திரும்ப வந்து நிற்கும். காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தப் பட்டனால் நாம் கொடுக்கும் விதிவிலக்கு அந்த ஒரு சான்றிதழுக்கு மட்டுமே. எங்கள் சர்வரில் இருந்தது லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ். அப்போது அதன் ஆயுள் 90 நாள். அது தீரும் முன்பே சர்வர் புதியதை வாங்கிக்கொள்ளும். சான்றிதழ் மாறியதும் எச்சரிக்கையும் புதிதாக வரும்.

உண்மையான கோளாறு பெயரில் இருந்தது. அவுட்கோயிங் சர்வர் கட்டத்தில் எங்கள் டொமைன் பெயரைப் போட்டிருந்தேன். பல கம்பெனிகளின் மெயிலைச் சுமக்கும் அந்த சர்வரோ தன் சொந்தப் பெயரில் சான்றிதழ் வைத்திருந்தது. ஹோஸ்டிங் கணக்கில் கொடுத்திருந்த சர்வர் பெயரை அப்படியே போட்டேன், தீர்ந்தது. அப்புறம் செட்டிங்ஸில் ‘மேனேஜ் சர்டிபிகேட்ஸ்’ போய், ‘சர்வர்ஸ்’ பகுதியில் சேர்ந்திருந்த பழைய விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

அடுத்தது ஒரு சனிக்கிழமை மாலை. சரக்கு வாங்கும் பையருக்கு பேக்கிங் லிஸ்ட் போயாக வேண்டும். மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. இப்போது ‘வியூ’ அழுத்தி யாருக்கு, யாரால், எதுவரை என்ற மூன்றையும் பார்க்கப் பழகியிருந்தேன். பெயர் சரி, கொடுத்தவர் சரி, தேதி மட்டும் முந்தின நாளோடு முடிந்திருந்தது. ஹோஸ்டிங்காரர்களைக் கூப்பிட்டால், “அக்செப்ட் பண்ணிடுங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார் எடுத்தவர். நான் விடவில்லை. போர்ட் 993இல் மெயில் வாங்க முடிகிறது, 587இல் அனுப்பும்போதுதான் காலாவதி என்கிறது என்று தேதியோடு படித்துக் காட்டினேன். அடுத்துப் பேசியவர் பிடித்துவிட்டார். புதுச் சான்றிதழ் சர்வரில் ஏறித்தான் இருந்தது. மெயில் அனுப்பும் மென்பொருளை மட்டும் ரீலோட் செய்யாமல் விட்டதால், அது பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் சரியானது.

இந்த வகைத் தவறு இனிக் கூடும் என்றே நினைக்கிறேன். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகக் குறைக்க, சான்றிதழ் தருபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவெடுத்திருக்கிறது. அடிக்கடி மாற்றும்போது ரீலோட் செய்ய மறக்கும் வாய்ப்பும் அதிகம்.

எச்சரிக்கை வந்த மற்ற இரண்டு முறையும் காரணம் சின்ன விஷயம். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டின் நாணய பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்ததால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரிந்தது, பேட்டரியை மாற்றினோம். இன்னொன்றில் ‘யாரால்’ என்ற இடத்தில் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தது. மெயிலைச் சோதிக்க அது நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டியிருக்கிறது. அந்த மெயில் ஸ்கேனை அணைத்தேன்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. மெயில் அனுப்பும்போது கடிதத்துக்கு முன்னால் போவது நம் பாஸ்வேர்டு. சான்றிதழ் சரிபார்ப்பு அதற்கும் முன்னால் நடக்கிறது. தெரியாத சான்றிதழை ஒப்புக்கொண்டால், எதிரே இருப்பது யாராக இருந்தாலும் பாஸ்வேர்டு அவர் கையில். ஏற்றுமதித் தொழிலில் அது கிடைத்தவருக்கு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று எங்கள் முகவரியிலிருந்தே பையருக்கு எழுத ஒரு நிமிடம் போதும்.

போன வருடம் டெல்லியில் ஒரு லாட்ஜ் வைஃபையில் அதே பெட்டி வந்தது. கொடுத்தவர் பெயர் நான் கேள்விப்படாதது. கேன்சல் செய்துவிட்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். எச்சரிக்கையே இல்லாமல் மெயில் போனது. எங்கள் சர்வரில் குறை இல்லை, நடுவில்தான் ஏதோ இருந்தது. ஊர் திரும்பிப் பாஸ்வேர்டை மாற்றவேண்டிய அவசியமும் வரவில்லை, நான்தான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே.