கேம்பர் வானுக்கு எது நல்லது: எல்.ஈ.டி. பல்பா, ரிலே போட்ட ஹலோஜனா?

மகாஓயாவிலிருந்து அம்பாறைக்கு இரவில் வருபவருக்கு ஹெட்லைட் என்றால் ஒரே கேள்விதான்: யானை நேரத்தோடு தெரியுமா?

பழைய ஜப்பான் வான்கள் பலவற்றில் இருப்பது எச்4 ஹலோஜன்; ஹை பீம் 60 வாட், லோ பீம் 55. மங்கலாக எரிந்தால் எல்லாரும் பல்பைத்தான் திட்டுவார்கள். லைட்டை எரியவிட்டு, மீற்றரை பல்பின் பின்முனையில் வைத்துப் பாருங்கள். 13.2 வோல்ற் கிடைக்க வேண்டிய இடத்தில் 11தான் வந்தால், மீதியை வழியிலுள்ள வயரும் சுவிட்சும் தின்றுவிட்டன; வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பற்றரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, பியூஸும் ரிலேயும் (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) போட்டால் அதே பல்ப் பளிச்சென்று எரியும். சுவிட்சும் சூடாகாது.

எல்.ஈ.டி. கரண்ட் குறைவாக எடுக்கும், வெள்ளையாக எரியும். ஆனால் ஹலோஜனுக்கென்று செய்த ரிப்ளெக்டரில் அதைச் செருகினால் வெளிச்சம் சிதறும். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் எதிரே வருபவரின் கண் கூசும். உங்களுக்கோ தூரத்து வீதி முன்னைவிட மோசமாகக்கூடத் தெரியலாம். லோ பீமைச் சுவரில் அடித்துப் பார்த்தால் புரிந்துவிடும்: வெளிச்சத்தின் மேல்விளிம்பு வெட்டினாற்போல் இல்லாமல் புகைபோலப் பரவி நிற்கும். எல்.ஈ.டி. பல்பைக் குளிர்விக்க அதன் பின்னால் சுழலும் குட்டி ஃபேனுக்குக் கடற்காற்றும் ஆகாது. முழு லைட்டையும் எல்.ஈ.டி.க்கென்றே செய்ததாக மாற்றினால் அது வேறு கதை, வேறு விலை.

ஹெட்லைட்டுக்கு என் வாக்கு ரிலேக்குத்தான். பார்க் லைட்டுக்கு யோசிக்கவே வேண்டாம், எல்.ஈ.டி. போடுங்கள். 5 வாட் பல்ப் நாலு விடிய விடிய எரிந்தால், அறுகம்பேயில் காலையில் வானைத் தள்ள ஆள் தேட வேண்டிவரலாம்.